கார் நின்றால் யாரைப் பிடிப்பது? ஸ்லாட் கார் கிளப் இரவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஸ்லாட் கார் என்பது டிராக்கில் வெட்டிய காடி (பள்ளம்) வழியே ஓடும் சிறு மின்சாரப் பொம்மைக் கார். இங்கிலாந்தில் அவற்றை ஓட்டும் எங்கள் சிறு கிளப், வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு நண்பர் ஒருவரின் கார் ஷெட்டில் கூடுகிறது. பத்தரை மணிக்குள் டிராக்கைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிவிட வேண்டும். ஆறு பேர், நான்கு லேன் (கார் ஓடும் தடம்), ஆளுக்கு நான்கு ஹீட் (பந்தயத்தின் ஒரு பகுதி) என்று கணக்குப் போட்டால், பழுது பார்க்கக் கிடைப்பது ஒரு ஹீட்டுக்கும் அடுத்த ஹீட்டுக்கும் நடுவிலுள்ள ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலோர் செய்வது, கார் நின்றவுடன் அதைக் கவிழ்த்துப் பார்த்து, கைக்கு அகப்பட்ட திருகையெல்லாம் திருகுவது. பழுது, கையில் பிடித்து விசையை அழுத்தி வேகத்தை மாற்றும் கண்ட்ரோலரில் இருந்திருக்கும். நல்ல நிலையில் இருந்த காரின் அமைப்பு வீணாகக் கலைந்திருக்கும்.

கீழே உள்ளவை 1/32 அளவுக் கார்கள், உலோகத் தண்டவாளம் பதித்த பிளாஸ்டிக் டிராக், லேனுக்கு ஒரு கண்ட்ரோலர் என்ற அனலாக் முறைக்கு உரியவை. ஒரே லேனில் பல கார்கள் ஓடும் டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு மின்னணுச் சில்லு இருப்பதால், அதன் நோய்களும் மருந்தும் வேறு. அதை இங்கே தொடவில்லை.

எதற்கும் முன் ஒரு சோதனை

மின்சாரம் மின்வழங்கியிலிருந்து கண்ட்ரோலருக்கு வந்து, அங்கிருந்து லேனின் ஒரு தண்டவாளத்துக்குப் போய், காரின் அடியிலுள்ள செம்புப் பின்னல் வழியாக மோட்டாருக்குள் ஏறி, மற்றொரு பின்னல் வழியாக அடுத்த தண்டவாளத்தில் இறங்கித் திரும்புகிறது. ஆகவே எல்லா லேனையும் சேர்த்துத் தாக்காத எந்தப் பழுதுக்கும் சந்தேகத்துக்குரியவர்கள் மூவரே: கார், கண்ட்ரோலர், லேன். காரை எடுத்துப் பக்கத்து லேனில் வையுங்கள். நோய் காரோடு கூடவே போனால் குற்றம் காருடையது. கார் அங்கே நன்றாக ஓடினால், பழைய லேனில் வேறொரு கண்ட்ரோலரைச் செருகி அதே காரை ஓட்டுங்கள். இப்போது சரியானால் குற்றம் கண்ட்ரோலருடையது, ஆகாவிட்டால் லேனுடையது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே நேரத்தில் காரையும் கண்ட்ரோலரையும் சேர்த்து மாற்றினால், நோய் போய்விடும், யாரிடம் இருந்தது என்பது மட்டும் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை அதே நோய் திரும்ப வரும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு கார் குறிப்பிட்ட ஒரு லேனில் மட்டும் தடுமாறி, இரண்டும் தனித்தனியே நலமாக இருந்தால், அந்த லேனில் ஏதோ ஓர் இணைப்பில் தண்டவாளம் சற்றே மேலெழும்பியோ தாழ்ந்தோ இருக்கிறது, அந்தக் காரின் கைடோ (காடிக்குள் இறங்கிக் காரை நடத்தும் துடுப்பு), பிடிப்புக்காக அடியில் வைத்த காந்தமோ அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று பொருள்.

எல்லா லேனும் ஒன்றாகச் செத்துவிட்டன

சுவரிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஷெட்டில் ஹீட்டரும் தேநீர்க் கெட்டிலும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகப்பட்டிருந்தால், அதன் பியூஸ் போய்விடுவது புதிதல்ல. அது சரியாக இருந்தால் மின்வழங்கியின் விளக்கைப் பாருங்கள். இன்றைய மின்வழங்கிகள் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தாமே நின்று, தடை நீங்கியதும் தாமே உயிர்பெறுபவை. எனவே டிராக்கிலிருந்து எல்லாக் கார்களையும் எடுத்துவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். உயிர் வந்தால், ஒவ்வொரு காராகத் திரும்ப வையுங்கள். எந்தக் காரை வைத்ததும் மறுபடி சாகிறதோ, அதுவே குற்றவாளி.

ஒரு முறை எங்கள் மூன்றாவது லேன் இப்படித்தான் விட்டு விட்டுச் செத்தது. வளைவுகளில் மட்டும் சாகும், நேர்ப்பாதையில் பிழைக்கும். அரை மணி நேரம் டிராக் இணைப்புகளைத் தட்டிப் பார்த்த பிறகு, விளக்கடியில் காரைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வலப்பக்கப் பின்னலிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து, கைடைச் சுற்றி இடப்பக்கமாக நீண்டிருந்தது. கைடு நேராக இருக்கும்போது அது காற்றில் தொங்கியது. வளைவில் கைடு திரும்பியதும் எதிர்த் தண்டவாளத்தைத் தொட்டது. நகவெட்டியால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் முதல் ஹீட்டுக்கு முன் எல்லாப் பின்னல்களின் நுனியையும் வெட்டிச் சீர்செய்துவிடுகிறோம்.

கார்கள் இல்லாத போதும் மின்வழங்கி உயிர்பெறவில்லை என்றால், தண்டவாளங்களின் மேல் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்: காரின் அடித்திருகு, காகிதக் கிளிப், உடைந்த கண்ணாடிச் சட்டத்தின் முலாம் பூசிய துண்டு. அன்றுதான் புதிதாகத் துணைக் கம்பி ஏதேனும் இணைத்திருந்தால், அதன் இரு முனைகள் இடம் மாறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். அதற்குள் வீட்டு மின்சாரம் இருக்கிறது.

கார் விக்கி விக்கி ஓடுகிறது

கிளப் இரவின் பழுதுகளில் பாதி இதுதான், அதில் பெரும்பகுதி பின்னலில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் பிரெட் பிரான்சிஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார்ச் செட்டை அறிமுகப்படுத்தியபோது காரின் அடியில் பின்னல் இல்லை. தகரக் கார்கள் ஒரு சிறு சக்கரத்தின் மூலம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டன. பின்னால் வந்த செம்புப் பின்னல் எளிமையானது, மலிவானது, ஆனால் தேயும் பொருள். அதைத் தேயும் பொருளாகவே நடத்த வேண்டும்.

காரைக் கவிழ்த்துப் பின்னலைப் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல பின்னல், கைடின் தட்டிலிருந்து சற்றே கீழ்நோக்கி இறங்கி, கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டும் தண்டவாளத்தோடு படிந்து நிற்கும். தட்டையாக அமுங்கி மேலே ஒட்டிக்கொண்டிருந்தால், அது தண்டவாளத்தைத் தொடுவதும் விடுவதுமாக இருக்கும், அதுதான் விக்கல். ஊசி முனையால் மெல்ல நெம்பி, இரு பக்கமும் ஒரே அளவுக்கு இறக்குங்கள். இங்கே ஆர்வக்கோளாறு ஆகாது. பின்னலை அதிகமாக வளைத்துவிட்டால் அது வில்லைப் போல் காரின் மூக்கை மேலே தூக்கும், கைடு காடிக்குள் ஆழமாக இறங்காது, விக்கல் போய் முதல் வளைவிலேயே கார் பறக்கும். ஒரு நோயை விரட்டி இன்னொன்றை வரவழைத்தவர்களில் நானும் ஒருவன்.

பின்னலின் வடிவம் சரியாக இருந்தும் நிறம் கறுத்திருந்தால், தொடுமிடத்தில் எழும் சிறு பொறிகளின் கரி படிந்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் விறைப்பாகவே இருந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பின்னலைச் செருகுமுன் விரல்களால் இருபுறமும் சற்றுத் தள்ளிப் பிசைந்து இழைகளைத் தளர்த்தினால், அது முதல் சுற்றிலிருந்தே படியும். கைடுக்குள் மோட்டார்க் கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் சிறு கண்ணி தளர்ந்திருந்தாலும் இதே விக்கல் வரும். காரைக் கையில் பிடித்து, பின்னல்களுக்கு மின்சாரம் கொடுத்து மோட்டாரை ஓடவிட்டபடி கைடை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் மோட்டார் சுருதி இறங்கினால் குற்றம் அந்தக் கண்ணியில்.

விக்கல் எல்லாக் கார்களுக்கும் ஒரே லேனில் இருந்தால், தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஆல்கஹால் தொட்டு ஒரு சுற்று துடைத்தால் துணி கரிக்கட்டையாகிவிடும். குளிர்காலத்தில் சூடேற்றாத ஷெட்டில் வைத்த எஃகுத் தண்டவாளம் ஈரத்தால் மெல்லிய துருப் பிடித்திருக்கும். அதற்கு மென்மையான தேய்ப்பு ரப்பர் போதும். எஃகு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். அதிலிருந்து உதிரும் துகள்கள் காடிக்குள் தங்கி, கார்களின் காந்தத்திலும் மோட்டாருக்குள்ளும் ஏறி, ஓர் இரவின் சோம்பலுக்கு ஒரு வருடத் தண்டனை தரும். ஆல்கஹாலோ லைட்டர் பெட்ரோலோ எதைக் கொண்டு துடைத்தாலும், அது முழுதாக உலர்ந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பின்னலில் பொறி பறப்பதை மறக்கக் கூடாது.

டிராக்கின் தூரத்து முனையில் மட்டும் கார் தளர்கிறது

இது லேனின் நோய், குறிப்பாக நீளத்தின் நோய். பிளாஸ்டிக் டிராக்கின் ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு ஓர் உலோக நாக்கின் வழியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தொடுகையும் சிறிது மின்னழுத்தத்தைத் தின்கிறது. நாற்பது ஐம்பது துண்டுகள் கொண்ட டிராக்கில், மின்சாரம் ஊட்டுமிடத்துக்கு நேரெதிர் மூலையில் பசி அதிகமாக இருக்கும். வாராவாரம் கழற்றி மாட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாக்குகள் தளர்வது இன்னும் விரைவு.

மல்டிமீட்டரை வைத்து வெறும் டிராக்கை அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட் காட்டி உங்களை ஏமாற்றும்; மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை. ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். ஒருவர் கண்ட்ரோலரை முழுதாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காரின் பின்சக்கரங்களை லேசாகத் தடுத்தபடி அந்த இடத்தில் பிடித்திருக்க, மூன்றாமவர் தண்டவாளங்களில் முனைகளை வைக்கட்டும். மோட்டார் சூடாகும் என்பதால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வேண்டாம். ஊட்டுமிடத்தில் 13 வோல்ட்டும் எதிர்மூலையில் 11 வோல்ட்டும் கிடைத்தால் காரணம் கையில் வந்துவிட்டது.

உடனடி மருந்து: இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே காரை ஓட்டுங்கள். எங்கே அழுத்தியதும் கார் உயிர்பெறுகிறதோ அந்தத் துண்டைக் கழற்றி, நாக்கைக் குறடால் மிக மெல்ல நெருக்கி மாட்டுங்கள். நிரந்தர மருந்து: மின்வழங்கும் துண்டிலிருந்து டிராக்கின் அடி வழியாகத் தடித்த கம்பிகளை எடுத்து, எதிர்மூலையிலும் ஒவ்வொரு ஆறேழு மீட்டரிலும் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தோடு சால்டர் வைத்து இணைப்பது. இடது தண்டவாளக் கம்பி எல்லா இடத்திலும் இடதிலேயே சேர வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் முன்பு சொன்ன குறுக்குச்சுற்றுதான். இரு நிறக் கம்பி வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பக்கத்துக் கார் பறந்தால் என் கார் பாய்கிறது

ஒரே சிறிய மின்வழங்கியை இரு லேன்கள் பகிர்ந்துகொள்ளும் வீட்டுப் பெட்டிச் செட்டுகளில் பிறந்தவர்கள் எல்லோரும் அறிந்த நோய் இது. எதிராளி வளைவில் காரைப் பறக்கவிட்டதும் அவர் இழுத்துக்கொண்டிருந்த மின்னோட்டம் நின்றுவிடுகிறது. தளர்ந்திருந்த வோல்ட் நிமிர்கிறது. அந்தக் கணம் வளைவுக்குள் நுழையும் உங்கள் கார் கூடுதல் வேகத்தில் அவரது காரைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது. இதற்குக் காரிலோ கண்ட்ரோலரிலோ மருந்து இல்லை. லேனுக்குத் தனித்தனி மின்வழங்கி வேண்டும், அல்லது எல்லா லேனுக்கும் சேர்த்துத் தாங்கக்கூடிய, மின்னழுத்தம் மாறாத ஒரு பெரிய மின்வழங்கி வேண்டும். நான்கு லேனுக்கு 10 ஆம்பியர் தருவது எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. மின்னழுத்தத்தை 12-க்கும் 13.5-க்கும் இடையே நிறுத்தியிருக்கிறோம்.

விசையை விட்ட பிறகும் கார் போய்க்கொண்டே இருக்கிறது

இரண்டு வேறு நோய்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லப்படுகின்றன. முதலில் பிரித்துக் கேளுங்கள். கார் மெல்ல வேகம் குறைந்து உருண்டு போய் நிற்கிறதா, அல்லது விசையைத் தொடாமலே முழு வேகத்தில் ஓடுகிறதா?

உருண்டு போனால் பிரேக் இல்லை என்று பொருள். ஸ்லாட் காரின் பிரேக் காரில் இல்லை, கண்ட்ரோலரில் இருக்கிறது என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். விசையை முழுதாக விட்டதும் கண்ட்ரோலர், லேனின் இரு தண்டவாளங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் மின்னாக்கியாகி, தான் ஆக்கிய மின்சாரத்தாலேயே தன்னைத் தடுத்து நிறுத்துகிறது. கண்ட்ரோலரில் மூன்று கம்பிகள் இருப்பது இதற்காகத்தான்: மின்வழங்கியிலிருந்து வருவது ஒன்று, லேனுக்குப் போவது ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. அமெரிக்க வழக்கில் இவை முறையே வெள்ளை, கறுப்பு, சிவப்பு. இங்கே கிளப்புக்குக் கிளப் செருகியே மாறுவதால், விருந்தினராக வந்தவரின் கண்ட்ரோலரில் பிரேக் இல்லை என்றால் முதலில் கம்பி வரிசையைத்தான் கேட்க வேண்டும்.

சோதிப்பது எளிது. மின்வழங்கியை அணைத்து, லேனிலிருந்து காரை எடுத்து, விசையைத் தொடாமல் விட்டு, இரு தண்டவாளங்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் பிரேக் வழி நலமாக இருக்கிறது. பழுது காரில், பெரும்பாலும் பின்னலில். முடிவிலி காட்டினால் வழி அறுந்திருக்கிறது. கண்ட்ரோலரின் பிளாஸ்டிக் உடலின் திருகுகளைக் கழற்றினால், விசை திரும்பி வந்து உட்காரும் இடத்தில் சிறு தொடுமுனை தெரியும். அது கறுத்திருக்கும், அல்லது வளைந்து எட்டாமல் இருக்கும், அல்லது சுருள்வில் தளர்ந்து விசை முழுதாகத் திரும்பாமல் இருக்கும். அதன் கறுப்பை நுண்ணிய உப்புத்தாளால் ஒரே ஒரு முறை தடவி எடுத்தால் போதும்.

விசையைத் தொடாமலே முழு வேகத்தில் ஓடினால், கண்ட்ரோலருக்குள் கம்பி கம்பியைத் தொடுகிறது, அல்லது மின்னணுக் கண்ட்ரோலராக இருந்தால் அதன் டிரான்சிஸ்டர் கருகிவிட்டது. அன்றிரவு அதற்கு வைத்தியம் இல்லை. உதிரிக் கண்ட்ரோலர் ஒன்றைக் கிளப் வைத்திருப்பது நல்லது. ஒருவர் விசையை அழுத்தும்போது இன்னொருவரின் காரும் சேர்ந்து நகர்ந்தால், இரு லேன்களின் பொதுத் திரும்பு கம்பி எங்கோ தளர்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.

கார் நகர்கிறது, ஆனால் மெல்ல ஓட்ட முடியவில்லை; நின்றால் நிற்கிறது, எடுத்தால் பாய்கிறது என்பவர்களுக்குப் பழுது எதுவும் இல்லை, பொருத்தம்தான் இல்லை. மின்தடைக் கம்பி சுற்றிய கண்ட்ரோலர்கள் 25 ஓமிலிருந்து 60 ஓம் வரை பல அளவுகளில் வருகின்றன. மோட்டார் வலுவாக வலுவாக ஓம் குறைய வேண்டும்.

பின்னோக்கி ஓடுகிறது

ஒரு கார் மட்டும் என்றால் கைடிலுள்ள இரு கம்பிகளை இடம் மாற்றுங்கள். ஒரு லேனில் எல்லாக் கார்களும் என்றால் அந்த லேனின் ஊட்டுகம்பிகளை மாற்றுங்கள்.

மோட்டார் அலறுகிறது, கார் அசையவில்லை

மோட்டாரின் பல்லும் ஆக்சிலின் பல்லும் ஒன்றையொன்று விட்டுவிட்டன. பினியன் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) மோட்டாரின் தண்டில் வழுக்குகிறதா என்று பார்க்க, பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தண்டை விரலால் சுழற்றுங்கள். பினியன் அசையாமல் தண்டு மட்டும் சுழன்றால் பினியனைக் கழற்றிப் புதிதாக அழுத்திப் போட வேண்டும். பெரிய பல்சக்கரம் ஆக்சிலில் நகர்ந்திருந்தால் அதன் நடுவிலுள்ள எறும்பளவுத் திருகை அறுகோணச் சாவியால் இறுக்கலாம். இறுக்கும்போது சாவியின் முனை உருண்டுவிட்டால் திருகும் கெடும் என்பதால் தேய்ந்த சாவியைத் தூக்கிப் போடுங்கள்.

அலறலோடு கார் ஓடவும் செய்தால் பற்களின் நெருக்கம் சரியில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகிச் சுழற்றினால், அது கிழியாமல் வரிவரியாக மடிந்து வெளியே வர வேண்டும். அந்த இடைவெளிதான் வேண்டும். ஆக்சில் புஷ் (ஆக்சில் சுழலும் வளையம்) அதன் இருப்பிடத்தில் ஆடினால் எத்தனை முறை நெருக்கத்தைச் சரிசெய்தாலும் மறுபடி கலையும். அதற்கு ஒரு சொட்டுப் பசை, ஆக்சிலின் மேல் படாமல். எண்ணெய் விடுவதென்றால் ஊசி முனையில் ஒரு துளி. அதற்கு மேல் விட்டால் அது டயருக்குத்தான் போய்ச் சேரும்.

சத்தம் இல்லாமல் கார் சோர்ந்து, மோட்டாரில் சூட்டு வாசனை வந்தால் ஆக்சிலைப் பாருங்கள். எங்கள் நண்பரின் வீட்டு நாய் உருவத்தில் சிறியது, ஆனால் அதன் முடி எல்லோருடைய ஆக்சிலிலும் இருக்கிறது. பின்சக்கரத்தைக் கழற்றிச் சாமணத்தால் இழுத்தால், புஷ்ஷுக்குள்ளிருந்து ஒரு சிறு நூற்கண்டு போலச் சுருண்டு வரும்.

வளைவில் தடம் விடுகிறது

எப்படி விடுகிறது என்பதை ஒருவர் குனிந்து, கண்ணை டிராக்கின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஓட்டுபவர் சொல்வதை நம்ப வேண்டாம். அவர் அந்த நேரத்தில் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் மூக்கு முதலில் எழும்பி வெளியே வந்தால் குற்றம் கைடில். பின்னல் அதிகம் வளைந்திருக்கலாம். முன்டயர்கள் உயரமாக இருந்து கைடைத் தாங்கிப் பிடித்திருக்கலாம். மூக்கில் எடை போதாமல் இருக்கலாம். காரை நேர்ப்பாதையில், கைடு காடிக்குள் இறங்கும்படி வைத்து, முன்சக்கரத்தின் அடியில் காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். காந்தம் இல்லாத கார்களில், கைடுக்குப் பின்னால் ஓரிரண்டு கிராம் ஈயத்தகட்டை ஒட்டிப் பார்ப்பது எளிய சோதனை. சரிப்பட்டால் வைத்துக்கொள்ளலாம், படாவிட்டால் உரித்துவிடலாம்.

பின்பகுதி அகலமாக வீசிச் சுழன்று வெளியேறினால் குற்றம் டயரில். விரலில் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, பின்டயர்களை அதன் மேல் உருட்டுங்கள். நாடாவில் ஒட்டியிருக்கும் தூசியைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். துடைத்த பின்பும் வழுக்கினால் டயர் வட்டமாக இல்லை. நுண்ணிய உப்புத்தாளை நேர்ப்பாதையில் பின்சக்கரத்தின் கீழ் ஒட்டி, காரின் பின்பகுதியை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக் குறைந்த வேகத்தில் மோட்டாரை ஓடவிட்டால், டயரின் மேடுகள் மட்டும் முதலில் தேயும். மேற்பரப்பு முழுவதும் ஒரே மங்கல் நிறம் வந்தால் நிறுத்துங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது டயர்கூட வட்டமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கார் வீசாமல், தத்தித் தத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தால், டயருக்குப் பிடிப்பு கூடுதல், உடலுக்கு நெகிழ்வு போதாது. அடியில் உடலையும் சட்டத்தையும் பிணைக்கும் திருகுகளை முழுதாக இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்துங்கள். காரைக் கையில் பிடித்து லேசாக ஆட்டினால் உடல் தனியாகக் கடகடக்க வேண்டும். நேர்த்தியான தொழிலாளிகளுக்கு இது மனம் ஒப்பாத வேலை. ஆனால் இந்த அரைச் சுற்று செய்யும் மாற்றத்தை விலை உயர்ந்த எந்த உதிரிப்பாகமும் செய்து நான் பார்த்ததில்லை.

காந்தம் உள்ள கார் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டெனப் பறப்பது நோயல்ல, அதன் இயல்பு. காந்தம் தண்டவாளத்தைப் பற்றியிருக்கும் வரை பற்றும். பின்பகுதி சற்று விலகியதும் பிடிப்பு ஒரேயடியாகப் போய்விடும். வேறு கிளப்பின் மர டிராக்கில் அதே கார் நிற்கவே இல்லை என்றால், அங்கே தண்டவாளம் இருக்கும் இடத்தில் செம்பு நாடா ஒட்டியிருக்கும். செம்பைக் காந்தம் கவராது. காந்தத்தை மிகத் தாழ்த்தி அது தண்டவாளத்தில் உரசினால் கார் சோரும், மோட்டார் சூடாகும். அடியில் வெள்ளிக் கோடு போன்ற தேய்மானம் தெரிந்தால் மேலே ஏற்றுங்கள்.

நேர்ப்பாதையிலேயே தடம் விட்டால், கார் எகிறும் இடத்துக்குச் சற்று முன்னாலுள்ள இணைப்பை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் கைடும் தட்டும். கைடின் அடி, காடியின் தரையில் உரசினாலும் இதுவே நடக்கும். மர டிராக்குக்கென்று செய்த ஆழமான கைடைப் பிளாஸ்டிக் டிராக்கில் போட்டவர்கள் இதைச் சந்திப்பார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் எல்லோருக்கும் பிடிப்பு மாறுகிறது

ரப்பர் டயர்கள் ஓட ஓட டிராக்கில் மெல்லிய ரப்பர்ப் படலம் விழுந்து பிடிப்பு கூடும். இது எதிர்பார்க்க வேண்டியது. மாறாக, ஒன்பது மணிக்கு மேல் எல்லோருக்கும் வழுக்கத் தொடங்கினால், யாரோ சிலிக்கோன் டயர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது விட்டுச் செல்லும் படலம் ரப்பருக்கு எண்ணெய் போல் ஆகிவிடும். இரண்டையும் ஒரே இரவில் கலப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தது ஒரு சிறு சண்டைக்குப் பிறகுதான். படலத்தை நீக்க, ஓடுபாதை முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்து, ரப்பர் டயர் போட்ட கார்களை இருபது சுற்று வெறுமனே ஓட்ட வேண்டியிருக்கும்.

சுற்றுகளைத் தவறாக எண்ணுகிறது

எண்ணும் கருவி ஒளியை நம்புவது. மேலே வளைவுத்தூணில் விளக்கு, கீழே காடியில் உணரி. கார் கடக்கும் நிழலை அது எண்ணுகிறது. சுற்று விடுபட்டால் உணரியின் கண்ணில் தூசி இருக்கிறதா என்று பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். மேல்விளக்கு கோணம் மாறியிருந்தாலும் விடுபடும். கோடை மாலையில் ஷெட்டுக் கதவைத் திறந்துவைத்தால், தாழ்ந்த வெயில் நேராக உணரியில் விழுந்து நிழலையே இல்லாமல் ஆக்கிவிடும். ஒரு அட்டைப்பெட்டித் துண்டால் மறைத்தால் தீரும்.

ஒரு சுற்று இரண்டாகப் பதிவானால், காரின் முன்பகுதியும் பின்னிறகும் தனித்தனி நிழல்களாக எண்ணப்படுகின்றன. மென்பொருளில் குறைந்தபட்சச் சுற்று நேரம் என்ற இடம் இருக்கும். உங்கள் டிராக்கின் மிக வேகமான சுற்று ஆறு விநாடி என்றால் அங்கே நான்கு என்று எழுதுங்கள். பூஜ்யமாக விட்டிருந்தால் ஒருவர் மூன்று விநாடியில் டிராக்கின் சாதனையை முறியடித்ததாகத் திரையில் வரும், அவர் அதை அழிக்கச் சம்மதிக்க மாட்டார். அந்த ஹீட்டை மட்டும் திரும்ப ஓட்டுவதா, இல்லை மார்ஷலாக (தடம் விட்ட கார்களை எடுத்து வைப்பவராக) நின்றவர் தாளில் போட்ட பென்சில் கோடுகளை எடுத்துக்கொள்வதா என்பதைப் பந்தயம் தொடங்குமுன்பே முடிவு செய்து வைத்துவிடுங்கள். எங்கள் ஷெட்டில் பென்சில் கோடுதான் செல்லும்.